ஈ-ரீடர்ல தமிழ் படிக்க எப்படி இருக்கு? வாங்குறதுக்கு முன்னாடி இத படிங்க

எந்த ஈ-ரீடர் (ஈ-புக் படிக்கன்னே இருக்கிற மெஷின்) வாங்கலாம்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பி ஒண்ணு தான் கேப்பேன், நீங்க படிக்கப்போற தமிழ் புக்ஸ் எந்த ஃபார்மேட்ல இருக்கு? நான் இத யோசிக்காம தான் 2021ல வந்த அமேசானோட கிண்டில் பேப்பர்வைட்ட வாங்கினேன். 6.8 இன்ச் ஸ்கிரீன், 300 பிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி), வெயிட் 205 கிராம் தான், மொட்டை மாடி வெயில்ல கூட அச்சடிச்ச பேப்பர் மாதிரி தெரியுது, ராத்திரி லைட்ட மஞ்சளாக்கிட்டு ஒருக்களிச்சு படுத்து ஒத்தக் கைல பிடிச்சு படிக்கலாம், கடைசியா எப்ப சார்ஜ் போட்டோம்னே மறந்துடும்.

வந்த அன்னிக்கே ஹார்ட் டிஸ்க்ல வருஷக்கணக்கா சேத்து வச்ச ஸ்கேன் பிடிஎஃப் எல்லாத்தையும் ஏத்தினேன். போச்சு. பழைய புக்கோட பழுப்பெல்லாம் சாம்பல் திட்டா வருது, பக்கம் முழுசா ஸ்கிரீன்ல அடங்கினா எழுத்து எறும்பு சைஸ், மெய்யெழுத்துக்கு மேல புள்ளி இருக்கா இல்ல அது தூசியானே தெரியல. சரின்னு ஜூம் பண்ணா வரிக்கு வரி இழுத்துக்கிட்டே கிடக்கணும், ஈ-ரீடர்ல இருக்கிற இ-இங்க் ஸ்கிரீன் அந்த வேகத்துக்கு வராது. குத்தம் மெஷின் மேல இல்ல, ஸ்கேன் பிடிஎஃப்ங்கிறது போட்டோ, அதுல எழுத்த மட்டும் எப்படி பெருசாக்குறது? தமிழ் மின்நூலகம் வெப்சைட்ல எடுத்த பழைய புத்தகங்கள் தான் உங்க தீனின்னா 6, 7 இன்ச் பக்கமே போகாதீங்க, 10 இன்ச்ல பாருங்க, காசு இடிச்சா சாதா டேப்லெட்டே போதும்.

இபப்னா கதையே வேற, அது எழுத்த இஷ்டத்துக்கு பெருசாக்கிக்கிற ஈ-புக் ஃபார்மேட். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் வெப்சைட்ல இபப் ஃப்ரீயா கிடைக்குது, 6 இன்ச் ஸ்கிரீனுக்குன்னே தனியா பிடிஎஃப்பும் போடுறாங்க, புண்ணியவான்கள். சங்க இலக்கியம் வேணும்னா 1998ல இருந்து ஓடிட்டு இருக்கிற மதுரைத் திட்டம்ங்கிற வெப்சைட்ல பாருங்க. ஒண்ணு, கிண்டில்ல இபப்ப கேபிள் போட்டு காப்பி பண்ணா திறக்காது, அமேசானோட சென்ட் டு கிண்டில் சர்வீஸ் வழியா அனுப்பினா அதுவே மாத்திக்கும். கோபோன்னு இன்னொரு பிராண்ட் ஈ-ரீடர்ல இந்த சுத்தல் இல்ல, இபப் நேரா திறக்கும். ஆனா எந்த பிராண்டா இருந்தாலும் யார்கிட்டயாவது வாங்கி உங்க தமிழ் புக் ஒண்ண அதுல திறந்து பாத்துட்டு காச குடுங்க, தமிழ் சரியா வராத மெஷின்ல கொம்பு எழுத்துக்கு அந்தப்பக்கம் போய் உக்காந்துக்கும், படிக்கவே முடியாது.

இன்னொண்ணு, நம்ம வார்த்தைங்க நீளம் இல்லையா, ஃபான்ட்ட பெருசாக்கினா வரிக்கு மூணு வார்த்த தான் நிக்கும், நடுவுல பல்லு விழுந்த மாதிரி சந்து சந்தா இடைவெளி. அலைன்மென்ட்ட லெஃப்ட்டுக்கு மாத்திட்டா அது போயிடும். இத கண்டுபிடிச்சது எங்கம்மாவுக்காக, கண்ணாடி இல்லாம படிக்கணும்னு ஃபான்ட்ட ஏகத்துக்கும் ஏத்திக் குடுத்தேன், அன்னிலேர்ந்து பேப்பர்வைட் அவங்க தலகாணி கிட்ட தான் இருக்கு, நான் திரும்ப போன்ல படிச்சிட்டு இருக்கேன்.