ரெவிட்டுக்குச் சுவர் ஓவிய பேக் வாங்கி ஏமாந்தேன், நீங்கள் வாங்கிவிடாதீர்கள்

ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு சாஃப்ட்வேரில் இன்டீரியர் வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். சுவரில் மாட்டும் ஓவியங்கள் நாற்பது, ஒவ்வொன்றும் மூன்று சைஸில், ஃபிரேமோடு ரெடி ஃபேமிலி (ரெவிட் மாடலுக்குள் கொண்டுவந்து வைக்கும் பொருள்), லோட் செய்து சுவரில் வைத்தால் போதும் என்று ஒருவர் இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தார். வாங்கினேன். காசும் போய், ஒரு கிளையன்ட் மீட்டிங்கும் கெட்டதுதான் மிச்சம்.

ஏன் வாங்கினேன் என்றால், ஒரு ஹோட்டல் வேலை, பன்னிரண்டு அறைகளும் ஒரு லாபியும், அறைகள் நிஜத்தில் எப்படித் தெரியும் என்று காட்டும் ரெண்டர் படங்கள் கொடுக்க இரண்டே வாரம். டெக்கால் என்று ஸ்டிக்கர் மாதிரி ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுச் சுவரில் படத்தை ஒட்டலாம்தான், ஆனால் டெக்காலை ஃபேமிலிக்குள் வைக்க முடியாது, புராஜெக்டில் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும், ஃபிரேமைத் தனியாகச் செய்ய வேண்டும், அப்புறம் ஒரு அறையில் ஃபிரேமை நகர்த்தினால் படம் பழைய இடத்திலேயே நிற்கும். அதனால் ஃபேமிலியாகவே கிடைக்கிறதே என்று நம்பிவிட்டேன்.

முதல் ஃபிரேமை வைத்து நிறமும் படமும் தெரிகிற ரியலிஸ்டிக் வியூ போட்டேன். ஃபிரேம் இருக்கிறது, உள்ளே வெறும் சாம்பல் நிறம். நாற்பதும் அப்படியே. பரப்பின் நிறத்தையும் படத்தையும் வைத்திருக்கும் மெட்டீரியலைத் திறந்து, அப்பியரன்ஸ் டேபில் படத்தைக் கிளிக் செய்தால் டெக்ஸ்சர் எடிட்டரில் படம் எங்கிருந்து வருகிறது என்று காட்டும், அதில் இருந்தது விற்றவருடைய கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப் ஃபோல்டர்! ரெவிட் மெட்டீரியலில் போடும் படத்தை ஃபேமிலிக்குள் சேமித்து வைக்காது, அது இருக்கும் இடத்தை மட்டும்தான் குறித்து வைக்கும். விற்கிறவர் படங்களையும் சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும், இவர் கொடுக்கவே இல்லை. கேட்டால் இரண்டு நாள் கழித்து, "உங்கள் ரெவிட்டில்தான் கோளாறு, ரீஇன்ஸ்டால் செய்யுங்கள்" என்று பதில். அதையும் நம்பி அரை நாளை வீணாக்கினேன். அந்த ஃபோல்டர் பெயர் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிய பிறகுதான் ஒரு ஜிப் ஃபைல் வந்தது, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆப்ஷன்ஸில் ரெண்டரிங் பகுதிக்குப் போய், கூடுதல் ரெண்டர் அப்பியரன்ஸ் பாத் என்ற இடத்தில் அந்த ஃபோல்டரைச் சேர்த்ததும் படங்கள் வந்துவிட்டன. சரி, தொலையட்டும் என்று வேலையைத் தொடர்ந்தேன். அடுத்த கோளாறு அங்கேதான் இருந்தது. டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண் ஓவியம், 90 சென்டிமீட்டர் அகல ஃபிரேம். டெக்ஸ்சர் சைஸை, அதாவது படம் ஒரு முறை எவ்வளவு அகலத்துக்கு விரியும் என்ற அளவை, 30 சென்டிமீட்டர் என்று விட்டிருக்கிறார்கள், அதனால் ஒரே ஃபிரேமுக்குள் அந்தப் பெண்ணின் முகம் வரிசைக்கு மூன்று முறை. சைஸை 90 ஆக்கினேன், சரியாகிவிட்டது. ஆனால் மூன்று சைஸ் ஃபிரேமுக்கும் மெட்டீரியல் பெயர்தான் வேறு வேறு, உள்ளே படத்தையும் அதன் சைஸையும் வைத்திருக்கும் அப்பியரன்ஸ் அசெட் ஒன்றே ஒன்று. பெரிய ஃபிரேமில் திருத்தியது சின்ன ஃபிரேமிலும் மாறி, படுக்கையறைகளில் மாட்டியதில் பாதி முகம்தான் தெரிந்தது. அவசரத்தில் நான் லாபியை மட்டும் பார்த்துவிட்டு ரெண்டரை ஓட்டிவிட்டேன். மீட்டிங்கில் கிளையன்ட்தான் பார்த்தார்: "இந்த ரூமில் என்ன சார், பாதி மூஞ்சி மட்டும் இருக்கு?" என்ன பதில் சொல்வது? கிட்டப் போய்ப் பார்த்தால் படமும் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அவர்கள் கொடுத்தது 400 பிக்சல் அகலப் படம், அதை 90 சென்டிமீட்டருக்கு இழுத்தால் ஒரு பிக்சலே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வரும்.

ஃபிரேம்களும் வேறு சாஃப்ட்வேரிலிருந்து இம்போர்ட் செய்த மெஷ்தான், அதாவது சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆன கனமான வடிவம், செதுக்கு வேலை உள்ள ஒரு ஃபிரேம் மட்டும் 18 எம்பி.

இதையெல்லாம் விட என்னைப் பயமுறுத்தியது இன்னொன்று. பழைய ஓவியங்களுக்கு நடுவே இன்றைய போட்டோக்களும் இருந்தன, ஒன்றில் வலது கீழ் மூலையில் வாட்டர்மார்க்கை அழித்த தடம், இரண்டு எழுத்து அப்படியே தெரிகிறது. யாரோ ஒருவருடைய உழைப்பைத் திருடி எனக்கு விற்றிருக்கிறார், நானும் அதைக் கிளையன்டுக்குக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

பிறகு நானே செய்தேன். சுவர் போன்ற பரப்பில் ஒட்டி நிற்கும் ஃபேஸ் பேஸ்டு ஃபேமிலி ஒன்று, அதில் அகலம், உயரம், மெட்டீரியல் மூன்றும் வேண்டியபடி மாற்றக்கூடிய பாராமீட்டர், ஒவ்வொரு டைப்புக்கும் அசெட்டை டூப்ளிகேட் செய்து தனியாக. அரை மணி நேரம்தான் ஆனது. படங்களை நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் தளத்திலிருந்து எடுத்தேன், காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் அவர்கள் எதற்கும் பயன்படுத்தலாம் என்று இலவசமாகவே தருகிறார்கள், ஓவியத்தின் அசல் அளவும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை ஓவியம் அசலில் 40 சென்டிமீட்டர் அகலம்கூட இல்லை என்பது எனக்கு அங்கே பார்த்துத்தான் தெரியும்.

வேறு யாரிடமாவது வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு ஃபேமிலியை மாதிரிக்குக் கேளுங்கள், படமாகக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து டெக்ஸ்சர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

பணம் திரும்பக் கிடைக்கவில்லை. டவுன்லோட் செய்துவிட்டால் ரீஃபண்ட் இல்லை என்று அந்தத் தளம் கையை விரித்துவிட்டது, நான் எழுதிய ரிவ்யூவும் வெளியாகவில்லை. அந்த பேக் இன்றைக்கும் அதே முகப்புப் படத்தோடு விற்பனையில் இருக்கிறது.