பழைய படகில் கிடக்கும் பெயர் தெரியாத ஸ்பேர் பார்ட்ஸ்: காலிப்பரும் மரை கேஜும் போதுமா?

டீசல் இன்ஜின் உள்ள பழைய படகு கைமாறும்போது கூடவே ஒரு டப்பாவும் வரும். கவர் கிழிந்த ரப்பர் சக்கரம், பித்தளைத் தலை வைத்த சாம்பல் நிறக் குச்சி, எதிலும் சேராத நட்டுகள், அடிமட்டத்தில் துருப்பிடித்த வாஷர்கள். இவற்றை அடையாளம் காண வழக்கமாக வாங்குவது இரண்டு கருவிகள்: விட்டமும் அகலமும் அளக்கும் 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர், அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரத்தை (பிட்ச்) காட்டும் பிட்ச் கேஜ். இரண்டில் விலை குறைந்த கேஜ்தான் அதிகம் உழைக்கிறது. காலிப்பரும் தேவைதான், அது காட்டும் எண்ணை அப்படியே நம்பினால் தவறான பார்ட் வந்து சேரும்.

கேஜ் வாங்கும்போது மரையின் கோணம் 60 டிகிரி, 55 டிகிரி என இரண்டு வகைத் தகடுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெட்ரிக் தகடு மட்டும் உள்ள செட் பழைய படகுக்கு உதவாது. குழாய் இணைப்புகளில் பாதி 55 டிகிரி பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) ஆக இருக்கக்கூடும். காலிப்பரில் 13.16 மி.மீ. காட்டும் ஒரு பிளக்கைத் தேய்ந்துபோன 14 மி.மீ. என்று நினைக்கத் தோன்றும். கேஜை வைத்தால் இன்ச்சுக்கு 19 மரை. அது கால் இன்ச் பிஎஸ்பி. அரை இன்ச் பிஎஸ்பியின் வெளி விட்டம் 20.955 மி.மீ., இன்ச்சுக்கு 14 மரை. பெயரில் உள்ள அளவை காலிப்பரில் தேடினால் கிடைக்காது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்க என்பிடி குழாய் மரையிலும் அரை இன்ச், முக்கால் இன்ச் இரண்டுக்கும் 14 மரைதான். ஆனால் கோணம் 60 டிகிரி, 16-க்கு 1 என்ற சரிவு. பிஎஸ்பியோடு முடுக்கினால் இரண்டு மூன்று சுற்று போகும், பிறகு இறுகும், தண்ணீர் மட்டும் நிற்காது. தகட்டை மரையில் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லின் அடியில் வெளிச்சம் தெரிந்தால் கோணம் தவறு. ஆறேழு மரை நீளத்துக்குப் பார்த்தால்தான் இது நம்பகமானது.

8 மி.மீ. போல்ட்டும் 5/16 இன்ச் போல்ட்டும் காலிப்பரில் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 7.9 பக்கம் காட்டும். பிட்ச் 1.25 என்றால் மெட்ரிக், 1.41 என்றால் இன்ச்சுக்கு 18 மரை உள்ள யுஎன்சி (இன்ச் அளவுக் கரடுமுரடு மரை). இங்கே தீர்ப்பு கேஜ் கையில்.

ஆயில் ஃபில்டரில் நிலைமை தலைகீழ். எம்20×1.5 (20 மி.மீ. விட்டம், 1.5 பிட்ச்) மரைக்கும், இன்ச்சுக்கு 16 மரை உள்ள முக்கால் இன்ச் யுஎன்எஃபுக்கும் (இன்ச் அளவு நுண்மரை) பிட்ச் வித்தியாசம் 0.09 மி.மீ. கூட இல்லை. நாலு மரையில் கேஜ் இரண்டுக்கும் ஒத்துப்போவதுபோலத் தெரியும். காலிப்பரின் உள்தாடையால் ஃபில்டரின் துளையை அளந்தால் எம்20-க்கு சுமார் 18.4, முக்கால் இன்ச்சுக்கு சுமார் 17.4 வரும். இதை அளக்காமல் விடாதீர்கள். எம்20 ஃபில்டர் முக்கால் இன்ச் ஸ்டட்டில் தொளதொளவென்று ஏறி, கேஸ்கெட் நசுங்கும்போது இறுகியதுபோல நடிக்கும். ஆயில் பிரஷர் ஏறியதும் கழன்று, இன்ஜின் ஆயில் முழுக்க அடித்தளத்தில் கொட்டும்.

பேரிங்கில் எண் தேய்ந்துபோயிருந்தால் காலிப்பர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். 17×40×12 என்றால் 6203, 20×47×14 என்றால் 6204. ஆயில் சீலில் அளவு எழுதும் வரிசை ஷாஃப்ட், வெளி விட்டம், அகலம். சீலின் ரப்பர் உதட்டின் உள்விட்டத்தை அளந்து 24 வந்தால் 24-க்கு சீல் தேடாதீர்கள். உதடு ஷாஃப்டைவிடச் சிறியதாகத்தான் இருக்கும், அது 25-ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஓ-ரிங் காலிப்பருக்குச் சரிப்படவே படாது, தாடை அழுத்தியதும் நசுங்கும். பழைய ஓ-ரிங் ஏற்கெனவே தட்டையாகியும் இருக்கும். அது உட்காரும் பள்ளத்தை அளப்பதே மேல்.

உலோகம் எது என்று இரண்டு கருவிகளும் சொல்லாது. அதற்கு ஒரு காந்தமும் சின்னத் தராசும் சேர்த்துக்கொள்ளுங்கள். பித்தளை நிறத்தில் இருந்து காந்தத்தில் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, கடல்நீர் படும் இடத்துக்கு ஆகாது. சாம்பல் நிறக் குச்சி பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (இன்ஜினைக் குளிர்விக்கும் பகுதி) ஆனோடு, அதாவது மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் துண்டு. பித்தளைத் தலையைக் கழற்றிவிட்டு நிறுங்கள். 10 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் உள்ள குச்சி துத்தநாகம் என்றால் சுமார் 28 கிராம், அலுமினியம் என்றால் 11 கிராம், மெக்னீசியம் என்றால் 7 கிராம். மெக்னீசியம் நன்னீருக்கு உரியது, கடலில் வேகமாகக் கரைந்துவிடும்.

அளந்தும் பயனில்லாதவை சில உண்டு. வாத்து அலகு மாதிரி நுனி பிளந்த ரப்பர், டாய்லெட் பம்ப்பின் வெளியேற்று வால்வு. கிரீஸ் தோய்ந்த சதுரக் கயிறு, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சீலிங் பேக்கிங். மெல்லிய ஸ்பிரிங்கோடு வரும் சிறு வெண்கலத் துண்டு, பாய்க்கயிறு இழுக்கும் வின்ச்சின் பால் (pawl), அதாவது பின்னால் சுழலவிடாமல் தடுக்கும் பல்; அதற்கு லேசான எண்ணெய்தான் போட வேண்டும், கிரீஸ் போட்டால் ஒட்டிக்கொண்டு வின்ச் பின்னால் சுழலும். கட்டைவிரல் நீளத்தில் பித்தளை முளைகள் இருந்தால் அவுட்போர்டின் ஷியர் பின் என்று பார்க்கலாம். பாறையில் இடித்தால் தான் முறிந்து கியரைக் காப்பது அதன் வேலை. அங்கே ஸ்டீல் முளை செருகிய படகுகளும் உண்டு!

டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். புதியதை மாட்டிவிட்டு, கழற்றிய பழையதை அதே அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பது படகுக்காரர்களின் வழக்கம். அந்த ரப்பர் சக்கரம் தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லர்; அதில் இறக்கைகளின் அடியை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் ஸ்பேர் கிடையாது. இறக்கை ஒன்றே குறைந்திருந்தால் அந்தத் துண்டு பம்ப்புக்கு அடுத்த குழாயிலோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயிலோ கிடக்கலாம். இன்ஜின் சூடாவதற்கு முன் அங்கே தேடுங்கள். புதியது வாங்க வெளி விட்டம், அகலம், துளை, இறக்கை எண்ணிக்கை, ஷாஃப்டில் பிடிப்பது சாவியா (கீ) ஸ்பிளைனா (பல் வரிசை) என்ற ஐந்தும் வேண்டும்.

காலிப்பரைப் பற்றிக் குறை: மலிவான டிஜிட்டல் மாடல்கள் அணைத்து வைத்தாலும் பேட்டரியைத் தின்னும், உப்புக் காற்றில் ஸ்லைடு கரகரக்கும். தூசியும் நீரும் புகாத ஐபி67 மாடல் தாங்கும். படகிலேயே வைப்பதென்றால் 0.02 மி.மீ. படிக்கும் பேட்டரியில்லாத வெர்னியர் போதும். பிளாஸ்டிக் காலிப்பர் ஹோஸுக்கும் ஆனோடுக்கும் சரி, மரைக்கு வேண்டாம்.