கறுப்பு ஸ்கிரீனில் நட்சத்திரத்தைக் காட்டி ரவுட்டர் விற்கிறார்கள், உஷார்

ஊரில் கேபிள்காரரிடம் ஃபைபர் நெட் வாங்கியிருக்கிறீர்களா? வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்களா? அப்படியென்றால் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கும்பகோணத்தில் என் மாமனாரிடம் 4,300 ரூபாய் கறந்துவிட்டார்கள். ரவுட்டருக்கு 3,800. மீதி 500 ‘போர்ட் கிளீனிங் சார்ஜ்’. அப்படி ஒரு வேலையே கிடையாது. பில்லும் கொடுக்கவில்லை.

பிரச்சினை என்னவோ உண்மைதான். பகலெல்லாம் நெட் நன்றாக இருக்கும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் படுத்துவிடும். பேத்தியோடு வீடியோ கால் போட்டால் முகம் உறைந்து நிற்கும். கம்ப்ளெயின்ட் கொடுத்ததும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பையன் வந்தான். லேப்டாப்பை கேபிளில் சொருகி, கறுப்பு விண்டோவைத் திறந்து, ஏதோ அடித்தான். வரிசையாக வந்த எண்களுக்கு நடுவே ஒரு வரியில் மூன்று நட்சத்திரம், பக்கத்தில் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’.

“பாத்தீங்களா ஐயா, இங்கதான் கட் ஆவுது. உங்க ரவுட்டர் போயிடுச்சு.”

மாமா பேங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், எதையும் சும்மா விட மாட்டார். அந்த ஸ்கிரீனை போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். பணம் கொடுத்த பிறகு எனக்கு அனுப்பினார். “மாப்பிள்ளை, புது ரவுட்டர் போட்டும் அப்படியேதான் இருக்கு. இப்ப பெரிய பிளானுக்கு மாறச் சொல்றாங்க.”

போட்டோவைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பையன் சொன்னது பொய் என்பதற்கு அதே ஸ்கிரீன்தான் சாட்சி.

அவன் ஓட்டியது விண்டோஸிலேயே இருக்கும் ட்ரேஸ்ரூட். நம் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் பாக்கெட் (டேட்டாவின் ஒரு சின்னப் பொட்டலம்) போகிற வழியில் எந்தெந்த ரவுட்டரைத் தாண்டுகிறது, ஒவ்வொன்றிலிருந்தும் பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று வரிவரியாகக் காட்டும். இந்த உத்தியில் முதல் ட்ரேஸ்ரூட்டை வான் ஜேக்கப்சன் என்பவர் 1980களின் கடைசியில் எழுதினார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டி.டி.எல். என்று ஒரு எண் இருக்கும். ஒரு ரவுட்டரைத் தாண்டினால் அதில் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால் அந்த ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘நேரம் முடிந்தது’ என்று திருப்பிச் சொல்லும். ட்ரேஸ்ரூட் வேண்டுமென்றே 1, 2, 3 என்று வைத்து அனுப்பி, ஒவ்வொரு ரவுட்டரையும் வாயைத் திறக்க வைக்கிறது. ஒரு வரிக்கு மூன்று முறை கேட்பதால்தான் மூன்று எண்கள்.

இனி மாமா எடுத்த போட்டோ. முதல் வரி 192.168.1.1, அது அவர் வீட்டு ரவுட்டர். மூன்று முறையும் 1 மில்லி செகண்டுக்குள் பதில். ரவுட்டர் மந்தமாக இருந்தால் முதல் வரியே இழுத்திருக்கும். இரண்டாவது வரி 10-இல் தொடங்கும் முகவரி, கேபிள்காரரின் கேட்வே, அதாவது வீட்டிலிருந்து போகும் நெட் முதலில் சேரும் அவர் பெட்டி: 164, 191, 178. மூன்றாவதில் அந்த நட்சத்திரங்கள். நாலாவதிலிருந்து கடைசியில் இருக்கும் கூகிள் சர்வரான 8.8.8.8 வரை எல்லாமே 170-க்கு மேல். கடைசி வரை பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஐயா! மூன்றாவதில் ‘கட்’ ஆகியிருந்தால் நாலாவது வரி எப்படி வரும்?

நடுவில் வரும் நட்சத்திரத்துக்கும் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’டுக்கும் அர்த்தம், அந்த ரவுட்டர் இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பதுதான். பல கம்பெனிகள் வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு வரி மட்டும் 200 காட்டி அடுத்த வரி 20-க்கு இறங்கினாலும் கவலை வேண்டாம். தன் பெயரைச் சொல்வதில் அந்த ரவுட்டருக்குச் சோம்பேறித்தனம், பாக்கெட்டைக் கடத்துவதில் இல்லை. தாமதம் எந்த வரியில் ஏறி, கடைசி வரை இறங்காமல் நிற்கிறதோ, சந்தேகப்பட வேண்டியது அங்கேதான். இங்கே அது இரண்டாவது வரி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாமாவை ஓட்டச் சொன்னேன். ஸ்டார்ட் மெனுவில் சி-எம்-டி என்று அடித்து என்டர். பிறகு ஆங்கிலத்தில் டி-ஆர்-ஏ-சி-இ-ஆர்-டி, ஒரு இடைவெளி, 8.8.8.8, என்டர். இரண்டாவது வரி 3 மில்லி செகண்ட். மூன்றாவதில் அப்போதும் அதே நட்சத்திரங்கள்! ராத்திரி வீட்டில் டிவி, போன், சிசிடிவி எல்லாவற்றையும் நெட்டிலிருந்து எடுத்துவிட்டு, வைஃபை இல்லாமல் கேபிளில் மறுபடி ஓட்டினோம். (இதைச் செய்யாவிட்டால் “உங்க வீட்லயே யாரோ டவுன்லோட் போடுறாங்க” என்று தப்பித்துவிடுவார்கள், அதிலும் நியாயம் உண்டு.) அப்போதும் இரண்டாவது வரி 180.

கேபிள்காரர் பெரிய கம்பெனியிடமிருந்து வாங்கும் பேண்ட்வித்தை, அதாவது மொத்த நெட் கொள்ளளவை, அளவுக்கு மீறிப் பலருக்கு விற்றிருக்கிறார் என்றே தோன்றியது. ராத்திரி எல்லோரும் டிவி போட்டதும் பாக்கெட் எல்லாம் அவர் கேட்வேயில் க்யூவில் நிற்கின்றன. அந்த நிலையில் 100 எம்.பி.பி.எஸ். பிளான் வாங்கினால் அதே க்யூவில் கூடுதல் காசு கொடுத்து நிற்கலாம், அவ்வளவுதான். ஃபைபரில் பழுது என்றால் காலை, ராத்திரி பார்க்காது. சிக்னலே அறுந்திருந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கும் எரியும்.

முதலாளிக்குப் போன் போட்டேன். “எங்க சைடு எல்லாம் ஓகே சார்” என்றார். காலை, ராத்திரி இரண்டு போட்டோவையும் அனுப்பினேன், சத்தமில்லை. மாதா மாதம் வரும் பில்லில் இருந்த பெரிய கம்பெனிக்கு, அதாவது இன்டர்நெட் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, கம்ப்ளெயின்ட் போட்டு டாக்கெட் நம்பர் வாங்கியதும்தான் ஆள் வந்தது. ரவுட்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு 3,800 கொடுத்தார்கள். 500 ‘சர்வீஸாம்’, வராது. சில வாரம் கழித்து ராத்திரியிலும் இரண்டாவது வரி 7, 8 என்று வர ஆரம்பித்தது. என்ன மாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்தால் டாக்கெட் நம்பர் இல்லாமல் பேச்சை முடிக்காதீர்கள். அதில் தீராவிட்டால் அதே கம்பெனியின் அப்பீல் அதாரிட்டிக்குப் போகலாம், காசு கிடையாது. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. தொலைத்தொடர்பு புகாரை நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே போவதென்றால் கையில் பில் இருப்பது நல்லது. அந்தப் பையன் பில் கொடுக்காததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.