1966 எம்ஜிபி ரோட்ஸ்டர்: மீண்டும் கழற்றிவிடக்கூடிய மேம்பாடுகள் பற்றிய நீண்டகால அனுபவம்

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே முழுமையாகப் புதுப்பித்த எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற, கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தின் இன்றைய சாலைகளில் அடிக்கடி ஓட்ட விரும்பினால், சில மாற்றங்களைத் தவிர்க்க முடியாது. காரின் உடலில் புதிதாக ஒரு துளையும் இடக்கூடாது, எதையும் வெட்டவோ வெல்டிங் செய்யவோ கூடாது, கழற்றிய ஒவ்வொரு பாகமும் பெயர்ச்சீட்டுடன் பெட்டியில் இருக்க வேண்டும் என்பவை என் நிபந்தனைகள். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான வரிசை என்பதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆசைக்கும் அளவில்லாமல் போவது அதனால்தான்.

முதலில் செய்ததும் இன்றுவரை மிகுந்த நிறைவைத் தருவதும் இன்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்கும் மின்னணு இக்னிஷன்தான். தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டுகள் இருந்த இடத்தில் சிறிய மாட்யூல் ஒன்று அமர்கிறது. மூடியைப் போட்டுவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. பாயிண்டுகளின் 0.015 அங்குல இடைவெளியை அவ்வப்போது அளந்து சரிசெய்யும் வேலை நின்றதுடன், குளிர்காலக் காலைகளில் இன்ஜின் தயக்கமின்றிக் கிளம்புகிறது. அக்காலக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த் (காரின் உடலோடு இணைக்கப்படும் முனை) என்பதால், அதற்கென்றே செய்யப்பட்ட மாட்யூலை வாங்க வேண்டும்.

இந்த எர்த் விவகாரமே இன்ஜினைக் குளிர்விக்க மின்விசிறி பொருத்தும் ஆசையையும் முடித்துவைத்தது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தருவதில்லை. ஆகவே விசிறி வேண்டுமென்றால் மெதுவான ஓட்டத்திலும் போதிய மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வேண்டும், அதற்காக பேட்டரி முனைகளை மாற்ற வேண்டும், மாற்றினால் இன்ஜினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரைத் திறந்து உள் இணைப்புகளிலும் கை வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே மீட்கக்கூடியதுதான் என்றாலும், இப்படிச் சங்கிலியாகத் தொடரும் மாற்றத்தை நடைமுறையில் யாரும் திரும்பப் பிரிக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. தன்னோடு முடிந்துவிடும் மாற்றங்களையே அதன்பின் தேர்ந்தெடுத்தேன்.

இன்ஜினின் திறனைப் பொறுத்தவரை, 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜினின் அசல் அளவு 95 குதிரைத்திறன். அதைக் கூட்ட இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து இழைக்கலாம். ஆனால் இழைத்த இரும்பு திரும்பி வராது. எனவே பழைய ஹெட் ஒன்றைத் தனியாக வாங்கி, காற்றுப்பாதைகளைச் சீராக்கி, ஈயமற்ற பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்தி மாட்டினேன். அசல் ஹெட் எண்ணெய் பூசிய உறையில் அப்படியே இருக்கிறது. பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களில் மாறியவை பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசிகள் மட்டுமே. நடு வேகத்தில், குறிப்பாக மேட்டுப்பாதைகளில், இழுவை கூடியிருப்பது தெளிவாகத் தெரிகிறது.

ஏமாற்றம் தந்தது பின்புற டெலஸ்கோபிக் ஷாக் அப்சார்பர் தொகுப்பு. கிராமச் சாலைகளில் கார் தேவையின்றித் துள்ளியது. கழற்றிவிட்டு, புதுப்பித்த அசல் நெம்புகோல் வகை டேம்பர்களையே (அதிர்வைத் தணிக்கும் பழைய வகை ஷாக் அப்சார்பர்கள்) மீண்டும் பூட்டினேன். அரைநாளில் வேலை முடிந்தது. முன்பக்கத்தில் அந்த டேம்பரின் கைகளே சஸ்பென்ஷனின் மேல் இணைப்பாகவும் இருப்பதால், அங்கே கை வைப்பதைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிட்டேன்.

செலவிலும் உழைப்பிலும் பெரியது, வேகமாகச் செல்லும்போது இன்ஜினின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே தூக்க வேண்டும். ஆனால் தொழிற்சாலையே விருப்பத் தேர்வாக வழங்கிய பாகம் என்பதால், ஐந்து கியர் கொண்ட நவீன பெட்டியைவிட இதுவே இந்தக் காருக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்றுகள் ஓடிய இன்ஜின் இப்போது 3,100 அளவில் ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவருடன் கத்தாமல் பேச முடிகிறது.

பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த கார்கள், பெரிய அளவில் உருமாற்றப்படாதவரை, 2018 மே முதல் கட்டாய வருடாந்திரப் பரிசோதனையிலிருந்து விலக்குப் பெறுகின்றன. நான் செய்தவை அந்த விலக்கைப் பாதிப்பவை அல்ல. ஆயினும் ஆண்டுதோறும் விரும்பியே பரிசோதனைக்குக் கொண்டுசெல்கிறேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் படத்துடன் எழுத்தில் தெரிவித்துவிடுவது அவசியம், இக்னிஷன் மாட்யூல் போன்ற கண்ணுக்குத் தெரியாதவை உட்பட.