நேஷனல் பர்மிட்டா, ஸ்டேட் பர்மிட்டா: எந்த லாரிக்கு எது கட்டுப்படியாகும்?

புதிதாக லாரி எடுப்பவர்கள் பலர் பர்மிட்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு. ரிட்டர்ன் லோடு எந்த ஊரிலிருந்து கிடைக்கும்? வண்டிக்கு வயது என்ன? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கட்டணக் கணக்கு தானாகத் தெளிந்துவிடும்.

சின்ன வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவிலேயே பர்மிட் விலக்கு இருக்கிறது. பேட்டரி வண்டிகளுக்கும் 2018 முதல் விலக்கு உண்டு.

அரியலூர் சிமென்ட்டைத் திருநெல்வேலிக்கு ஏற்றுவது, தூத்துக்குடி துறைமுகச் சரக்கை மதுரையில் இறக்குவது, ஜல்லி, எம்-சாண்ட் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு ஸ்டேட் பர்மிட் தாராளமாகப் போதும். ஐந்து வருடம் செல்லும். முடிவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னால் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியையோ கேரள எல்லையான வாளையாரையோ தாண்ட வேண்டும் என்றால்தான் கணக்கு மாறுகிறது. இங்கே மூன்று வழிகள்: நேஷனல் பர்மிட், கவுண்டர் சைன், டெம்பரவரி பர்மிட்.

நேஷனல் பர்மிட் இன்றைய வடிவத்துக்கு வந்தது 2010 மே மாதத்தில். அதற்கு முன்பு சொந்த மாநிலத்தோடு குறைந்தது மூன்று மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5,000 ரூபாய் கட்ட வேண்டும். பட்டியலில் இல்லாத மாநிலத்துக்கு நல்ல வாடகையில் லோடு வந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான். 2010-இல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் 15,000 என்று ஆக்கினார்கள். 2012-இல் அது 16,500 ஆனது. அங்கீகாரக் கட்டணம் 1,000 சேர்த்தால் ஆண்டுக்கு 17,500 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 1,500-ஐத் தொடாது. நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு ஒரு நடை டீசல் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையே இல்லை. சொந்த மாநிலத்துக்குக் கட்டும் காலாண்டு வரி இதில் சேராது, அது தனி.

ஆனால் "இந்தியா முழுக்க ஓடலாம்" என்பதைப் பலர் "எங்கே வேண்டுமானாலும் ஏற்றி இறக்கலாம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நாமக்கல் வண்டி ஒன்று ஹூப்ளியில் சரக்கை இறக்குகிறது என்று வையுங்கள். தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் கோழித்தீவன ஆலைக்குக் கொண்டு வரலாம், தடையில்லை. ஹூப்ளியில் ஏற்றி பெங்களூரில் இறக்கு என்று புக்கிங் ஆபீஸில் சொன்னால் அதை எடுக்கக் கூடாது. இன்னொரு மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊரில் ஏற்றி வேறோர் ஊரில் இறக்க நேஷனல் பர்மிட் இடம் தராது. பர்மிட் நிபந்தனையை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவு. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் வழி இருக்கிறது. வண்டி காலியாகத் திரும்பும் நஷ்டம் இதைவிடச் சிறியது.

அடுத்தது வயது. ஆறு சக்கர லாரிக்கு 12 வயது வரைதான் நேஷனல் பர்மிட். இரண்டுக்கு மேல் ஆக்சில் (சக்கர அச்சு) உள்ள டாரஸ் வண்டிகளுக்கு 15. செகண்ட் ஹேண்டில் 10, 11 வயது ஆறு சக்கர வண்டி விலை குறைந்து கிடைத்தால் இந்த வரம்பை மனதில் வைத்துப் பேசுங்கள். வடக்கே ஓட்டும் எண்ணத்தில் அதை வாங்கினால் ஓரிரு வருடத்தில் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். அதே வண்டி உள்ளூர் சிமென்ட் லோடுக்கு அருமையான பேரம். அப்புறம், வண்டியோடு பர்மிட்டும் தானாகக் கைமாறாது. ஆர்டிஓ அனுமதி வாங்கி மாற்ற வேண்டும்.

கவுண்டர் சைன் என்பது நம் ஸ்டேட் பர்மிட்டில் பக்கத்து மாநிலம் போட்டுத் தரும் ஒப்புதல். தினமும் கேரளாவுக்கு முட்டை ஏற்றி, வேறு எங்குமே போகாத வண்டிக்குப் பொருந்தும். இரு மாநில ஒப்பந்தத்துக்கு உட்பட்டது என்பதால், வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால் இடம் கிடைப்பது கஷ்டம். இன்னொரு வெளி மாநிலமும் தேவைப்பட்டாலே நான் நேஷனல் பர்மிட்டைத்தான் சொல்வேன்.

டெம்பரவரி பர்மிட்டுக்கு உச்சவரம்பு நான்கு மாதம். பருவகால வியாபாரத்துக்கென்றே சட்டத்தில் வைத்த ஏற்பாடு இது. கிருஷ்ணகிரி மாம்பழ சீசனில் மட்டும் வெளி மாநிலம் போகிற வண்டிக்குச் சரி. போகும் மாநிலத்தின் வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாதாமாதம் இப்படி வாங்கி ஓட்டுபவர்கள் வருடக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால், நேஷனல் பர்மிட்டே மலிவு என்று பல நேரம் தெரியவரும்.

இவை எதுவும் ஓடிசி லோடுக்கு, அதாவது வண்டியின் அளவை மீறி நீட்டிக்கொண்டிருக்கும் சரக்குக்கு, உதவாது. வண்டியின் அகல வரம்பு 2.6 மீட்டர். மண் அள்ளும் 20 டன் ரக ஹிட்டாச்சி எந்திரமே சுமார் 2.8 மீட்டர் அகலம். லோ-பெட் (தாழ்வான தளம் கொண்ட) டிரெய்லரில் அது இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நேஷனல் பர்மிட் இருந்தாலும் இதற்குத் தனி அனுமதி வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மாநிலச் சாலைக்கு அந்தந்த மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறை. முப்பந்தலுக்குக் காற்றாலை இறக்கை போவது போன்ற வேலைகளில் பாலம், வளைவு, தாழ்வான மின்கம்பி என்று பாதையையே முதலில் நடந்து பார்க்கிறார்கள். அனுமதியில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு போனால் 20,000 ரூபாய். எடையும் கூடுதல் என்றால் இன்னொரு 20,000, அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இதோடு கூடுதல் சரக்கை இறக்கிவைக்கும் செலவும் நம் தலையில்தான். எப்போதாவது ஒரு முறை இப்படி லோடு வந்தால், அனுமதி வாங்கிப் பழகிய டிரெய்லர்காரரிடம் கொடுத்துவிடுவதே மேல்.