கரண்ட் பில்லைப் பாதியாக்கும் பெட்டி: தயவுசெய்து வாங்காதீர்கள்

பிளக்கில் செருகி வைத்தால் போதும், கரண்ட் பில் பாதியாகிவிடும் என்று ஒரு சின்னப் பெட்டியை விற்கிறார்கள். எங்கள் வீட்டிலும் விற்றுவிட்டுப் போனார்கள். போன பணத்தைவிட எனக்கு ஆத்திரம் வேறு ஒன்றில். பில் ஏறியதற்கு உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஒரு காரணம் இருந்தது. பெட்டியை மாட்டியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் அடுத்த பில் வரும்வரை யாரும் அதைத் தேடவே இல்லை.

வீட்டில் ஆள் கூடவில்லை, புதிதாக எந்தச் சாமானும் வரவில்லை, பில் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. பார்க்க வந்த ஆள், “வயரிங் பழசும்மா, கரண்ட் வீணாப் போகுது, இதை மாட்டினா சரியாயிடும்” என்றார். அம்மா தயங்கியதும் செய்தே காட்டினார். தான் கொண்டுவந்த ஒரு குட்டி மோட்டாரை எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றில் ஓடவிட்டு, அந்த போர்டுக்கு மின்சாரம் வரும் ஒற்றை வயரில் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்விப் பிடித்து அதில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கருவி) மாட்டினார். அதே போர்டின் பக்கத்து பிளக்கில் பெட்டியைச் செருகியதும் திரையில் இருந்த எண் சட்டென்று இறங்கியது. கண்ணெதிரே நடந்ததை யார்தான் நம்பமாட்டார்கள்?

எண் இறங்கியது உண்மை. ஆனால் அது ஆம்பியர், அதாவது வயரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. வழக்கமான வீட்டு மீட்டர் ஆம்பியரை வைத்து பில் போடுவதில்லை, யூனிட்டை வைத்துத்தான் போடுகிறது. 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். மோட்டார், ஃபேன் போன்றவை செய்யும் வேலைக்கு வேண்டிய மின்சாரம் போக, காந்தப்புலத்துக்காகக் கொஞ்சம் இழுப்பதும் உடனே திருப்பி அனுப்புவதுமாக இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சற்று நேரம் தேக்கி வைத்துத் திருப்பித் தரும் பாகம்) இந்தக் கொடுக்கல் வாங்கலை அங்கேயே முடித்துவிடுவதால் போர்டுக்கு வரும் வயரில் ஆம்பியர் குறைகிறது. அந்தப் பகுதிக்கு வீட்டு மீட்டர் முன்பும் யூனிட் போட்டதில்லை, அப்புறம் எதை மிச்சம் பிடிப்பது? சுமை இல்லாமல் சும்மா சுற்றும் மோட்டாரில் இந்த வித்தை இன்னும் பளிச்சென்று தெரியும். மோட்டாரைக் கையோடு கொண்டுவருவது அதற்காகத்தான்.

அடுத்த பில்லும் அதே அளவில்தான் வந்தது. கூப்பிட்டுக் கேட்டால், “கொஞ்ச நாள் போகட்டும், போகப்போகத்தான் தெரியும்” என்றார். அதன்பிறகு போனையே எடுக்கவில்லை.

பிறகு அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தோம். அவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை, நேராக மீட்டரிடம் போனார். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கி வைக்கச் சொன்னார். அப்படியும் மீட்டரின் சிவப்பு விளக்கு மூன்று விநாடிக்கு ஒருமுறை மினுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் மீட்டரில் 3200 முறை மினுக்கினால் 1 யூனிட். அது மீட்டரின் முகத்திலேயே அச்சாகியிருக்கிறது. அந்தக் கணக்கில், எதுவும் ஓடாத வீடு ஏறக்குறைய 375 வாட் குடித்துக்கொண்டிருந்தது. நாளுக்கு 9 யூனிட், இரவும் பகலும்.

அவரும் கிளாம்ப் மீட்டரைத்தான் எடுத்தார். ஆனால் ஒற்றை வயரில் மாட்டாமல், மின்சாரம் வரும் ஃபேஸ், அது திரும்பிப் போகும் நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தார். போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது ஒன்றரை ஆம்பியருக்கு மேல். அவ்வளவும் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தது. எம்சிபிகளை (ஒவ்வொரு பகுதிக்கும் போகும் மின்சாரத்தைத் தனித்தனியாகத் துண்டிக்கும் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக இறக்கினார். குளியலறை ஹீட்டரின் எம்சிபி இறங்கியதும் மினுக்கல் நின்றது.

அந்த ஹீட்டரின் சுவிட்ச் அதுவரை அணைந்துதான் இருந்தது! யாரோ எப்போதோ சுவிட்சை நியூட்ரல் வயரில் இணைத்திருக்கிறார்கள். அதனால் அணைத்தாலும் ஃபேஸ் நேராக ஹீட்டருக்குள் போய் நிற்கும். உள்ளே இருந்த காயிலின் உறை வெடித்து, தண்ணீர் வழியாக எர்த்துக்குக் கசிந்திருக்கிறது. எர்த் வயர் மட்டும் அறுந்திருந்தால் குழாயைத் திறந்தவர் கதி என்ன? 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) ஒன்று இருந்திருந்தால் அப்போதே மெயினைத் துண்டித்திருக்கும் என்றார். காயிலை மாற்றி, சுவிட்சை ஃபேஸுக்குக் கொண்டுவந்து, ஆர்சிசிபியும் போட்டார். பில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

வீடு முழுக்கச் சுற்றிவிட்டு மீட்டரை ஏறிட்டும் பார்க்காத அந்த விற்பனையாளரை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்கு இப்படி யாராவது வந்தால், கிளாம்ப் மீட்டரை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு உங்கள் வீட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டு, ஐந்து நிமிடத்தில் மீட்டர் விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று பெட்டி இல்லாமல் ஒருமுறையும் பெட்டியோடு ஒருமுறையும் எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே கழற்றிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம், ஷாக் அடிக்கும்.