எம்.சி.ஆர். செருப்பு வாங்கப் போகிறீர்களா? முதலில் பாதத்தைப் பாருங்கள்

வேலூர் செருப்புக் கடைகளில் "சர்க்கரைக்காரங்க போடுற செருப்பு" என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். கறுப்பு மெத்தை, மேலே இரண்டு மூன்று வெல்க்ரோ பட்டை, குதிகாலைச் சுற்றி ஒரு பின்பட்டை. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதைச் சுருக்கி எம்.சி.ஆர். என்கிறார்கள். கால் மரத்துப்போனவர்கள் அன்றாடம் போட்டு நடக்க, இந்த விலைக்கு இதைவிடப் பொருத்தமான செருப்பு கிடையாது. ஆனால் ஒரு ஜோடி உங்களுக்கு ஒத்துக்கொண்டதா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் பாதத்தின் தோல்தான். அதைப் பார்க்கத் தெரியாமல் வாங்கினால் நல்ல செருப்பிலும் புண் வரும்.

இந்தச் செருப்புக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் பாதப்புண்ணுக்குச் சதை தானாக அழுகுவது காரணமில்லை, வலி தெரியாத காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் காயமும்தான் காரணம் என்று காட்டினார். மெத்தென்ற அடி வைத்த காலணி அந்தச் சிகிச்சையோடு சேர்ந்து வளர்ந்தது. சர்க்கரை நோயில் நரம்பு கெட்டாலும் இதேதான் நடக்கிறது. தொழுநோயால் உணர்ச்சி போனவர்களுக்கு அரசுத் திட்டத்தில் இது இலவசமாகவே தரப்படுகிறது. அவர்கள் கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடையில் முதல் வேலை மெத்தையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துவது. ஏறக்குறைய பாதி கனத்துக்கு அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்கவே மறுத்தால் அது சாதா ஹவாய் ரப்பர், பெயர் மட்டும்தான் எம்.சி.ஆர். இரண்டு விரலும் முட்டிக்கொள்கிற அளவுக்கு அமுங்கினால் வெறும் ஸ்பான்ஜ், சீக்கிரமே சப்பையாகிவிடும். ரப்பரின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ஷோர் அளவில் 15 பக்கம் இருப்பது நல்லது, கனம் 10 மி.மீ. இருக்கட்டும். மெத்தைக்குக் கீழே கெட்டியான தனி அடித்தட்டு கட்டாயம். மெத்தை ரப்பரை வேலிக்காத்தான் முள் சுலபமாகத் துளைத்துவிடும். பிறகு செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். தையலோ பசையோ இருக்கலாம், இரும்பு ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடி தேயத் தேய ஆணி மேலே வரும். மரத்த காலுக்கு அது தெரியாது.

இனி பாதம். வாங்கப் போகும் முன் வீட்டில், நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மருதாணியும் நகப்பூச்சும் நகத்தின் நிறத்தை மறைக்கும், பாதத்தில் பூசிய மஞ்சள் தோலின் நிறத்தை மாற்றிக் காட்டும். மஞ்சளைக் கழுவலாம், மருதாணி இருந்தால் விரல் நுனிச் சதையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சதையை வெளுக்கும்வரை அழுத்தி விடுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் நிறம் திரும்பினால் நல்லது. தாமதமானால், அதோடு விரல்மேல் முடி உதிர்ந்து, கணுக்காலுக்கு மேலே தோல் மெலிந்து பளபளத்து, பாதம் சில்லென்றும் இருந்தால், ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். அப்படிப்பட்டவர் செருப்பு வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விரல் முடியைப் பலர் கவனிப்பதே இல்லை, காசு செலவில்லாமல் கிடைக்கும் அடையாளம் அது.

விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறிப்போயிருந்தால் சேற்றுப்புண். குதிகாலில் பித்தவெடிப்பு எவ்வளவு ஆழம், அடியில் ரத்தம் தெரிகிறதா? முன்பாதத்தில் காய்ப்பு இருந்தால் பழைய செருப்பு அங்கேதான் அழுத்தியது என்று பொருள். காய்ப்புக்குள் கறுப்பாகவோ ஊதாவாகவோ கறை தெரிந்தால் அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, புண் அங்கே உருவாகிக்கொண்டிருக்கிறது. பிளேடால் சீவ வேண்டாம், காலாணி பிளாஸ்திரியும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

நகம் தடித்து மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். தடித்த நகம் பட்டையில் உரசினால் அடியிலுள்ள தோலும் நசுங்கும். நகம் கறுத்திருந்தால் நிதானமாகப் பாருங்கள். இடித்துக்கொண்டதில் கட்டிய ரத்தம் நகத்தோடு முன்னால் நகரும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மி.மீ. அளவுதான் வளர்வதால் கறை முழுசாக வெளியேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நம் நிறத்தவர்க்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு இருப்பது சாதாரணம். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கோட்டை மட்டும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைத் தோண்டினால் நகச்சுத்திதான் வரும்.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க மருத்துவமனைகளில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்கிற நைலான் இழையை, அது வளையும்வரை வைத்து அழுத்துவார்கள். வீட்டில் இழை வேண்டாம். சோதிக்க வேண்டியவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை விரலால் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். தட்டக் கூடாது, தடவவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்த கால் என்றே வைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள்.

அளவு பார்ப்பது சாயங்காலம்தான், அப்போதுதான் பாதம் வீங்கியிருக்கும். நின்றுகொண்டு பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் இருக்கட்டும். பெரியதாக இருக்கும் காலுக்கு அளவெடுங்கள். பின்பட்டை இல்லாத மாடலை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மரத்த காலிலிருந்து செருப்பு நழுவி விழுந்தால்கூடத் தெரியாது, நழுவாமல் பிடித்துக்கொள்ள விரலை மடக்கி நடந்தால் விரல் நுனியில் காய்ப்பு வரும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கொக்கி வைத்த மாடலும் வேண்டாம். மெட்டி போட்டவர்கள் முன்பட்டை மெட்டியின்மேல் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் விரல் இரண்டு பக்கமும் நசுங்கும். மெட்டியைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் விரல் வீங்கிவிட்டது, பெரிய மெட்டியாக மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வாரம்தான் பரீட்சை. முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கழற்றியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதா சாயலாகவோ தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. அதனால் கையை நம்புங்கள். புறங்கையை இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால், கல்போல இறுகியோ, மாறாகக் கொழகொழவென்றோ இருந்தால், அந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது. 20 நிமிடம் கழித்தும் அந்த மாற்றம் அப்படியே இருந்தால் செருப்பைப் போடாதீர்கள். பட்டையைத் தளர்த்தி மறுபடி பார்க்கலாம், அப்படியும் மாறாவிட்டால் வேறு ஜோடிதான்.

பாதத்தின் மேற்புறத்தில் பட்டை வடிவத்திலேயே அரிப்பும் கருமையும் வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பதனிடும் தோலில் குரோமியம் சேர்ப்பது வழக்கம், சிலர் தோலுக்கு அது ஆகாது. உள்ளங்காலில் வந்தால் ரப்பரில் கலக்கும் வேதிப்பொருள் மேல் சந்தேகப்படலாம்.

கோயிலில் செருப்பைக் கழற்றும் இடத்தில் இதன் காவல் முடிந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் ஜலகண்டேசுவரர் கோயில் கல்தரையில் உச்சி வெயிலுக்கு நடந்தால் உணர்ச்சியில்லாத கால் கொப்பளிக்கும், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். விடியற்காலையில் போங்கள், இல்லாவிட்டால் தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கி.மீ.; மரத்த காலோடு வெறுங்காலில் அதைச் சுற்ற வேண்டாம் என்பதை வேண்டுதல் உள்ளவர்களிடமும் சொல்லியே ஆக வேண்டும்.

செருப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வேலூர் வெயிலில் காயப்போட்டால் பசை விட்டு அடித்தட்டு பிரிந்துவிடும். போடும் முன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள், கல்லும் சிக்கியிருக்கும் முள்ளும் அகப்படும். மாதம் ஒருமுறை பழைய அழுத்தும் சோதனை. முன்பாதப் பள்ளத்தில் மெத்தை எழும்பாவிட்டால் மேலே புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே புண் உள்ளவர்களும், விரல் கோணியவர்களும், பாதம் ஒரு பக்கமாகச் சரிந்தவர்களும் கடையில் தொங்கும் ஜோடியை வாங்கவே கூடாது. அவர்களுக்குப் பாதத்தை அச்செடுத்துச் செய்யும் காலணி வேண்டும், புண் ஆறும்வரை மாவுக்கட்டுகூடத் தேவைப்படலாம். வேலூர் அருகே கரிகிரியிலுள்ள தொழுநோய் மருத்துவமனையிலும் பெரிய மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவுகளிலும் கேளுங்கள். போகும்போது பழைய செருப்பை மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்தே பாதி அளவு எடுத்துவிடுவார்கள்.